தோலுக்குள் போகும் மை: டாட்டூ போடும் முன்னும் போட்ட பின்னும்

டாட்டூ இயந்திரத்தின் ஊசி நிமிடத்துக்குச் சில நூறு முறையிலிருந்து மூவாயிரம் முறை வரை தோலைக் குத்தி எடுக்கும். ஒவ்வொரு குத்திலும் மேல்தோலைக் கடந்து, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் உள்தோலில் மையை விட்டுவிட்டு வெளியே வருகிறது. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்வது. மை அங்கேயே தங்கினால் படம் ஒரு மாதம்கூட நிற்காது. உள்தோலில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிணநீர்க் குழாய்களும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த மையைக் கிருமி என்று எண்ணி உடலின் பாதுகாப்புச் செல்கள் விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அதைச் செரிக்க முடிவதில்லை. ஒரு செல் மடியும்போது அது விட்டுச்செல்லும் மையை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்பதை, பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளின் தோலில் காட்டினார்கள். டாட்டூ ஆயுள் முழுக்க நிற்பதற்கு இந்தக் கைமாறுதல்தான் காரணம். ஊசியோடு கிருமி சேர்ந்து போனால், அதுவும் இதே ஆழத்துக்கு, ரத்தக் குழாய்களின் பக்கத்திலேயே போய்ச் சேர்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இன்று டாட்டூ போட்டுக்கொள்ள நகரத்துக்குள் போக வேண்டியதில்லை. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று கடைவீதி உள்ள இடங்களில், அழகு நிலையங்களுக்கும் செல்போன் கடைகளுக்கும் நடுவே டாட்டூ ஸ்டுடியோக்கள் வந்துவிட்டன. ஏசி போட்ட, சுத்தமான ஸ்டுடியோவும் உண்டு. முடி வெட்டும் கடையின் பின்பக்கத் தடுப்பில் நடப்பதும் உண்டு. ஆன்லைனில் மலிவு விலைக்கு ஒரு செட் வாங்கி, நண்பனின் கையில் பழகிப் பார்க்கும் பையன்களும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக்களில் பேட்டரி இயந்திரத்தோடு தரையில் உட்கார்ந்து பெயர் குத்துபவர்கள் தனி.

பச்சை குத்துவது தமிழர்களுக்குப் புதியதல்ல. முன்கையில் கோலமும் தேளும், மார்பில் பெயரும் குத்திக்கொண்ட பாட்டிகள் இந்தப் பகுதி கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்துத் துணியில் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்துக் குறவர் பெண்கள் பச்சை குத்தியதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கரியைப் பற்றி இன்று பெருமையாகப் பேசுபவர்கள், ஒரே ஊசி ஒரு தெருவையே சுற்றிவந்ததை மறந்துவிடுகிறார்கள். சத்தீஸ்கரின் பிலாய் பகுதியில், தெருவோரத்தில் பச்சை குத்திக்கொண்ட 31 பேருக்குக் குத்திய இடத்திலேயே தொழுநோய் தோன்றியதை ஒரு தோல் மருத்துவர் 2002இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார். பழைய முறை என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாக ஆகிவிடாது.

ரத்தத்தின் வழியே வருபவை

டாட்டூவைப் பற்றிய முதல் பயம் எச்.ஐ.வி. பயம் நியாயமானதுதான், ஆனால் வரிசை தவறு. ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களைக் கவனித்ததில் கிடைத்த கணக்கு இது: தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்கு. ஹெபடைடிஸ் சி தொற்றுவது நூற்றில் இரண்டுக்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றுவதோ நூற்றில் 6 முதல் 30 வரை. தவிர, ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்துளியில்கூட ஏழு நாட்கள் வீரியத்தோடு இருக்கும். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு, முந்தைய வாடிக்கையாளரின் ரத்தம் தெறித்த இயந்திரப் பிடியையும் மைக் கிண்ணத்தையும் மாற்றாமல் விட்டால் அந்த வைரஸுக்கு அதுவே போதும்.

இந்த இரண்டு ஹெபடைடிஸ் நோய்களும் சத்தம் போடாமல் இருப்பவை. தொற்றிய பலருக்குக் காமாலைகூட வராது. பத்து, இருபது வருடம் கழித்துக் கல்லீரல் சுருங்கிய பிறகுதான் தெரியவரும். அப்போது கல்லூரி நாளில் போட்ட டாட்டூ யாருக்கும் நினைவில் இருக்காது.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. அது நாடு முழுவதற்குமான குழந்தைகள் தடுப்பூசி அட்டவணையில் வந்து சேர்ந்தது 2011-12இல்தான். அதனால் இன்று டாட்டூ போடும் வயதில் இருக்கும் பலர், பெற்றோர் தனியாகப் போட்டிருந்தால் ஒழிய, இந்தத் தடுப்பூசி இல்லாமல் வளர்ந்தவர்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் சுமார் மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலானோருக்கு அது முழுதாகக் குணமாகிவிடும். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள், முறையான ஸ்டுடியோவில் போட்ட டாட்டூவால் ஹெபடைடிஸ் சி கூடியதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2012இல் எழுதினார்கள். சிறையிலும், நண்பர்கள் கையாலும் போட்டுக்கொண்டவர்களிடம்தான் ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது. ஆகவே யார் கையால், எந்த ஊசியால் என்பதுதான் கேள்வி.

ரத்ததானத்தையும் இது தொடுகிறது. டாட்டூ போட்டவர் அடுத்த 12 மாதங்களுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது இந்திய விதி. தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களில் பரிசோதனையிலும் அகப்படாமல் போகலாம் என்பதால்தான் இந்த இடைவெளி. முகாமில் கேட்கும்போது மறைத்துவிட்டுக் கொடுப்பது, வாங்கிக்கொள்ளும் நோயாளிக்குச் செய்யும் கெடுதல்.

தண்ணீர், மை

வைரஸைவிட அடிக்கடி வருவது பாக்டீரியாத் தொற்றுதான். தோலின் மேல் எப்போதும் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ், புண் வழியே உள்ளே இறங்கினால் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும். இது இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியும்; ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்கும்.

வேறொரு வகை அப்படியல்ல. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் 2011இன் இறுதியில் ஒரே கலைஞரிடம் டாட்டூ போட்ட 19 பேருக்குச் சாம்பல் நிறம் தீட்டிய இடங்களில் மட்டும் சிறுசிறு பருக்கள் கிளம்பின. காசநோய்க் கிருமியின் உறவான மைகோபாக்டீரியம் செலோனேதான் காரணம் என்று தெரிந்தது. கடை சுத்தமாகத்தான் இருந்தது. கறுப்பு மையை நீர்க்கவைத்துச் சாம்பல் நிறம் செய்த இடத்திலேயே, தயாரிப்பாளர் சேர்த்த தண்ணீரோடு கிருமியும் சேர்ந்திருக்கலாம். திறக்காத புட்டியிலும் அது இருந்தது. இத்தகைய பரு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தோன்றும். வழக்கமான மருந்துக்கு மசியாது. பல மாதம் மருந்து சாப்பிட வேண்டிவரும். நம்மூரில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால், அரிப்பு அடங்கியது போலிருக்கும்; உள்ளே கிருமி பெருகும். டாட்டூப் புண்ணுக்குக் கேட்டு வாங்கவே கூடாத ஒன்று அந்தக் களிம்பு. பாக்கெட் குடிநீரோ குழாய்த் தண்ணீரோ விட்டு மையைக் கலக்கும் கடையில் உட்காரவும் கூடாது.

மையில் கறுப்புக்கு எரிகரியும், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடும், பழுப்புக்கு இரும்பு ஆக்ஸைடும், சிவப்பு மஞ்சளுக்குப் பெரும்பாலும் அசோ வகைச் சாயங்களும் பயன்படுகின்றன. இந்தச் சாயங்களில் பல வண்டிப் பெயின்ட்டுக்கும் அச்சு மைக்கும் உருவானவை. தோலுக்குள் செலுத்துவதற்கென்று பிறந்தவை அல்ல. ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பில். போட்ட மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். சிவப்பு உள்ள இடம் மட்டும் தடித்து, அரித்து, எழும்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் டாட்டூ மைக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2025இன் தொடக்கத்தில் கர்நாடக அரசு சந்தையிலிருந்த மைகளைச் சோதித்தபோது ஆர்செனிக், குரோமியம், செலினியம் உட்பட 22 உலோகங்கள் இருந்ததாக அம்மாநில சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் தெரிவித்து, தரம் நிர்ணயிக்குமாறு மத்திய அரசைக் கேட்கப்போவதாகச் சொன்னார். தமிழ்நாட்டில் விற்கும் புட்டிகளும் அதே சந்தையிலிருந்து வந்திருக்கலாம்.

மையின் நுண்ணிய துகள்கள் நிணநீர் முடிச்சுகள் வரை போய்த் தங்குவது 2017இல் உறுதியானது. புற்றுநோய் வருமா என்ற கேள்விக்கு இன்னும் தீர்ப்பு இல்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில் டாட்டூ உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் 21 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் டாட்டூ பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிதாகும் என்று அதில் தெரியவில்லை. டாட்டூதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவும் இல்லை. பயமுறுத்தவும் இடமில்லை, ஒன்றுமில்லை என்று தள்ளவும் இடமில்லை.

திருமண வீட்டிலும் திருவிழாவிலும் குழந்தைகளுக்குக்கூட வைக்கும் 'கறுப்பு மருதாணி' தற்காலிக டாட்டூதானே என்று நினைப்பார்கள். சீக்கிரம் கறுக்க அதில் தலைமுடிச் சாயத்தின் பி.பி.டி. ரசாயனம் கலந்திருக்கலாம். கொப்புளம் கிளம்பி, படத்தின் வடிவத்திலேயே தழும்பு நின்றுவிடுவதுண்டு. அரைத்து வைக்கும் மருதாணி சிவக்கும், கறுக்காது.

யார் தள்ளிப்போட வேண்டும்

சர்க்கரை நோயாளிகள் முதலில். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. முப்பது தாண்டியவர் ஊசிக்கு உட்காரும் முன் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள், இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவதே சரி. சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்தில் அதே நோய் புதிதாகக் கிளம்பும் தன்மை உண்டு, டாட்டூவும் காயம்தான். நம் மாநிறத் தோலுக்குக் கீலாய்டு தழும்பும் கூடுதலாக வரும். காது குத்திய இடமோ தடுப்பூசித் தழும்போ தடித்து வளர்ந்திருந்தால் மார்பும் தோளும் டாட்டூவுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. மச்சத்தின் மேல் குத்தினால் பின்னாளில் அதில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

கடையில் கேட்க வேண்டியவை

நல்ல கலைஞர் கேள்விகளால் கோபப்பட மாட்டார். ஊசியும் கார்ட்ரிட்ஜும் சீல் பிரிக்காத உறையில், காலாவதித் தேதியோடு வந்து, வாடிக்கையாளர் கண்முன் பிரிய வேண்டும். மையைப் பெரிய புட்டியிலிருந்து சிறு மூடிகளில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். புட்டிக்குள் திரும்ப ஊற்றவே கூடாது. முடி மழிக்கும் ரேசர் புதியதாக இருக்க வேண்டும். கையுறையோடு செல்போனைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். இயந்திரமும் வயரும் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருக்க வேண்டும். திரும்பப் பயன்படும் இரும்புப் பிடி இருந்தால் ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தில், 15 நிமிடத்துக்குக் குறையாமல். டெட்டாலில் ஊறவைப்பதும் ஸ்பிரிட் துடைப்பதும் சானிடைசர் அடிப்பதும் இதற்கு ஈடாகாது. வெந்நீரில் கொதிக்கவைப்பதுகூடச் சில கிருமிகளின் வித்துகளைக் கொல்லாது.

வலி தெரியாமலிருக்கக் கடைகளில் தடவும் மரத்துப்போகும் களிம்பிலும் கவனம் வேண்டும். லிடோகெயின் அளவு மிகுந்த களிம்பைப் பெரிய பரப்பில் தடவிப் பிளாஸ்டிக்கால் மூடினால், மருந்து ரத்தத்தில் இறங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும், வலிப்பு வரவைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 மார்ச்சில் இத்தகைய களிம்புகளைப் பயன்படுத்தாதீர்கள் என்றே எச்சரித்தது.

அதன் பிறகு வரும் வாரங்கள்

ஊசி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கடையை விட்டு வெளியே வருபவர் பைக்கிலிருந்து விழுந்து சிராய்த்துக்கொண்டவர் மாதிரிதான். அளவான, ஒழுங்கான சிராய்ப்பு, அவ்வளவே. அதற்கு மேற்குப் புறநகரின் அன்றாடம் சாதகமாக இல்லை. ஈரப்பதமும் வியர்வையும் வருடம் முழுக்க. எம்.டி.எச். சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் லாரிப் புழுதி. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் லேத் கூலண்டும் கிரைண்டிங் தூளும் வெல்டிங் பொறியும். கூலண்ட் என்பது தண்ணீரும் எண்ணெயும் கலந்து தொட்டியில் சுற்றிச்சுற்றி வருவது. பழசானால் அதில் பாக்டீரியா செழிக்கும். முன்கையில் புது டாட்டூவோடு ஷிப்ட்டுக்குப் போகும் தொழிலாளி, அதைத் திறந்த புண்ணோடு அந்தத் தொட்டியில் கைவிடுவதாகவே எண்ண வேண்டும். தொடர்ந்து சில நாள் விடுப்பு கிடைக்கும்போது போடுவது நல்லது. முடியாதென்றால் முதல் இரண்டு வாரம் சுத்தமான துணிக்கட்டும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

கடையில் சுற்றிவிடும் பிளாஸ்டிக் தாளைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். வியர்வையோடு மூடியே வைத்தால் அது கிருமிக்கு வீடாகிவிடும். ஒட்டும் வகை மெல்லிய மருத்துவப் படலம் என்றால் கலைஞர் சொன்ன நாள் வரை இருக்கலாம். உள்ளே நீர் கோத்துக்கொண்டால் அதையும் எடுத்துவிட வேண்டும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு வாசனை இல்லாத சோப்பும் வெதுவெதுப்பான நீருமாக விரலால் மென்மையாகக் கழுவ வேண்டும். லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் சம்ப்பில் தேங்கிவரும் வீடுகளில், முதல் வாரத்துக்குக் கொதித்து ஆறிய நீரே நல்லது. வீட்டில் எல்லோரும் துடைக்கும் துண்டு வேண்டாம். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். மேலே வாசனையற்ற மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிய பூச்சாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. அப்பிவைத்தால் தோல் ஊறிப்போகும்.

மஞ்சள் அரைத்துப் போடுவது, வேப்பிலை பற்றுப் போடுவது, திருநீறு வைப்பது, தேங்காய் எண்ணெய் தேய்ப்பது எல்லாம் வீட்டில் அன்பாகச் சொல்லும் வைத்தியம்தான். அரைக்கும் கல்லும் திறந்த டப்பாவும் கிருமியற்றவை அல்ல என்பதால் திறந்த புண்ணில் எதுவும் வேண்டாம்.

நான்காம் நாளிலிருந்து அரிக்கத் தொடங்கும். பக்கு கட்டி உரியும். கையால் உரித்தால் மையும் சேர்ந்து வரும், தழும்பும் நிற்கும். அரிப்புத் தாளாவிட்டால் குளிர்ந்த சுத்தமான துணியை மேலே வைக்கலாம். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்ளே முழுதாக ஆறப் பல மாதம் பிடிக்கும். மேல்தோல் ஆறும்வரை நீச்சல் குளம், ஏரி, கடல் எதுவும் கூடாது. டெக்சாஸில் கல்லீரல் நோயுள்ள 31 வயதுக்காரர் ஒருவர், டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தி, கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி தொற்றி இறந்ததை 2017இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. வெதுவெதுப்பான கடல்நீரில் இந்தக் கிருமி வாழும். மெரினாவுக்கும் அது பொருந்தும். வெயிலில் போகும்போது துணியால் மூட வேண்டும். சன்ஸ்கிரீன் ஆறிய பிறகுதான். பேக் பட்டை உரசும் தோளும், இறுக்கமான ஜீன்ஸ் உரசும் இடுப்பும் ஆற நாள் பிடிக்கும்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் இலேசான வீக்கமும் தெளிநீர்க் கசிவும் இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால், புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. போனால் டாட்டூ போட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்து அதைப் பொறுத்து மாறும். பழைய ஊசி குத்தியது உறுதியாகத் தெரிந்து, 72 மணி நேரத்துக்குள் சென்றால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் 28 நாள் மருந்து இருக்கிறது. அந்தக் கெடு தாண்டிவிட்டால், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். 1097 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

சீருடைக் கனவும் லேசரும்

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படைத் தளமும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் சிறப்புக் காவல் படையும் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் சீருடை வேலைக்கு ஓடிப் பழகும் பிள்ளைகள் அதிகம். ராணுவ ஆள்சேர்ப்பில் நிரந்தர டாட்டூ முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதி. மரபு வழக்கமுள்ள பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் சல்யூட் அடிக்கும் வலது கையில் கூடவே கூடாது. பதினெட்டு வயதில் தோளில் குத்திய ஒரு பெயர், இருபது வயதில் மருத்துவத் தேர்விலேயே வெளியே அனுப்பிவிடும்.

அழிப்பது போடுவதைவிடப் பல மடங்கு செலவும் வலியும் உள்ளது. லேசரில் பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறேழு வார இடைவெளி. ஒரு வருடம் தாண்டிவிடும். மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டோ கருமையோ நிற்கலாம். பச்சையும் மஞ்சளும் எளிதில் போகாது. ஆன்லைனில் விற்கும் அமிலக் களிம்பு தோலை வெந்துபோகச் செய்யும். தேர்வு வாரியத்துக்கு அந்தத் தழும்பும் ஒரு கேள்விதான்.

யார் பார்க்க வேண்டும்

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் இளைஞர்களின் நாக்கைப் பிளந்து தைத்த செய்தி வெளியானபோது, காவல்துறை கைது செய்தது, மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. வெளியே தெரிந்த பிறகு நடவடிக்கை வேகமாகத்தான் வந்தது. தெரியாமல் இருப்பவற்றைத் தேடிப் பார்க்கத்தான் முறை இல்லை. மேற்குப் புறநகரில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லியும் திருவேற்காடும் நகராட்சிகள். சில கிலோமீட்டருக்குள் நான்கு உள்ளாட்சிகள். ஒரு கடை எல்லை தாண்டி இடம் மாறினால் அதன் பழைய கோப்பு கூடவே போகாது.

தொழில் உரிமம் கொடுக்கும்போதே நான்கு உள்ளாட்சிகளும் ஒரே நிபந்தனைகளை வைக்க வேண்டும்: ஒருமுறை ஊசி, ஆட்டோகிளேவ், கலைஞருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வாடிக்கையாளர் பதிவேடு, பயன்படுத்திய ஊசியைக் குத்தாத கடினமான டப்பாவில் சேர்த்து மருத்துவக் கழிவோடு அனுப்பும் ஏற்பாடு. கடைசியானது டாட்டூவே போட்டுக்கொள்ளாதவர்களுக்கானது. சாதாரணக் குப்பையில் விழும் ஊசி, மறுநாள் காலை தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறும்.

அது நடக்கும்வரை, டாட்டூ போட நாள் குறித்திருப்பவர் முதலில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். டி.டி. ஊசி பத்து வருடத்துக்குள் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் தவணை முடிந்த பிறகு ஸ்டுடியோவுக்குப் போங்கள்.